அர்த்தநாரிக்கு வந்த எண்பத்தோரு செய்திகள்

அர்த்தநாரிக்குக் கோழிகளைப் பற்றித் தெரியாதது ஒன்றும் கிடையாது. பெண்களைப் பற்றித் தெரிந்தது ஒன்றும் கிடையாது. நாற்பத்தைந்து வயது வரைக்கும் இந்த ஏற்பாடு அவருக்கு மிகவும் வசதியாகவே இருந்தது. 2043ஆம் ஆண்டு ஜூலை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு அது கெட்டது.

அப்போது அவர் நாமக்கல்லுக்கு வெளியே இருக்கும் தன் பண்ணையின் மூன்றாம் ஷெட்டில் நின்று, தண்ணீர்க் குழாய் சூடாகிவிட்டதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் போன் கூவியது. எடுத்துப் படித்தார்.

'நலமங்கை திட்டம். பயனாளி: செல்வி அ. சம்யுக்தா, பதினோராம் வகுப்பு. மாதச் சுழற்சி நாள்: 11. கருமுட்டை: வெளியாகவில்லை. உறக்கம்: நன்று. மனநிலை: எரிச்சல். இந்த நாள் இனிய நாளாக அமைய வாழ்த்துகள்.'

இன்னொரு முறை படித்தார். அப்புறம் போனை நெஞ்சோடு சேர்த்து மூடிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். இருபத்திரண்டாயிரம் கோழிகள் வழக்கம்போல அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. இதில் ஏதாவது ஒன்று படித்திருக்குமோ என்று அவருக்கு நிஜமாகவே சந்தேகம் வந்தது.

விஷயம் இதுதான். அதற்கு முந்தின நாள் மகள் சம்யுக்தாவின் பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளின் இடது கையில், தோலுக்கு அடியில், ஒரு சின்னச் சில்லை வைத்து, கடைசி மாதவிலக்குத் தேதியையும் கேட்டுப் பதிந்து அனுப்பியிருந்தார்கள். அரசாங்கம் அதற்கு இரண்டு வரி நீளத்துக்குப் பெயர் வைத்திருந்தது. ஜனங்கள் 'கடுகு' என்றார்கள். அளவும் அதுதான். உடம்பில் எந்தச் சுரப்பு ஏறுகிறது, எது இறங்குகிறது என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்து, விடிந்ததும் ஒரு வரி எழுதி அனுப்பும். மாதவிலக்கு தள்ளிப்போவது, தைராய்டு, இரத்தச்சோகை, காரணம் தெரியாமல் உடம்பு பெருப்பது, முகத்தில் முடி முளைப்பது என்று பிள்ளைகள் வெளியே சொல்லாமல் வருஷக்கணக்கில் மறைத்து வைக்கிற சங்கதிகளை ஆரம்பத்திலேயே பிடித்துவிடலாம். நல்ல நோக்கம். யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் செய்தியை யாருக்கு அனுப்புவது என்று படிவம் தயாரித்த புண்ணியவான், பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்த்தபோது கொடுத்த போன் நம்பரை எடுத்துப் போட்டுவிட்டார். எல்.கே.ஜி.யில் சேர்க்கிறபோது நம்பர் கொடுத்தது யார்? அப்பன்தான். ஆக, அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு, அந்தப் பள்ளிக்கூடத்துப் பெண்களைப் பெற்ற நூற்று நாற்பது அப்பாக்களின் போனும் ஒரே நேரத்தில் கூவியது.

அர்த்தநாரி யாரிடமும் சொல்லவில்லை. மனைவி கோகிலவாணியிடம் எப்படிச் சொல்வது? பொண்டாட்டியிடமே அந்த மூன்று நாள் சமாசாரத்தை "தூரம்" என்று கூடச் சொல்லாமல், காலண்டரைப் பார்த்துத் தொண்டையைச் செருமிக்கொண்டே பதினெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவர் அவர்.

நான்காம் நாள் தீவன மில்லில் கார்வேந்தனைப் பார்த்தார். கார்வேந்தனின் மகள் லக்‌ஷனா, சம்யுக்தாவின் வகுப்பு. வாலிபால் நன்றாக ஆடுவாள். அன்றைக்கு மாவட்ட அணிக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன மாமா, புள்ள செலக்சனுக்குப் போகுலீங்களா?" என்று பேச்சுக்குக் கேட்டார் அர்த்தநாரி.

"எங்க மாப்ள போறது? காலையில போன்ல வந்துச்சல்லோ, ரெண்டாம் நாளு, வயித்து வலின்னு. அத வெச்சுக்கிட்டு குதிக்க உடுவனா? ஒரு வாரத்துக்கு எந்திரிக்கப்படாதுன்னு ரூம்ல உக்கார வெச்சுட்டு வந்துட்டேன்" என்றார் கார்வேந்தன், மில் முழுக்கக் கேட்கும்படி. மூட்டை தூக்குகிறவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் மேலே மின்விசிறியைப் பார்த்தார்கள். அதற்கப்புறம் அந்த வட்டாரத்தில் எந்த அப்பாவும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அர்த்தநாரியும் எடுக்கவில்லை. காலை ஆறு மணிக்கு டீக்கடையில் போனை வெறித்துக்கொண்டு நிற்கிற ஆண்களைப் பார்க்கிறபோதெல்லாம் 'பாவம், இவனுக்கும் வந்துவிட்டது' என்று மனசுக்குள் இரங்கினார். அவர்களும் தன்னைப் பார்த்து அப்படித்தான் இரங்குகிறார்கள் என்று நம்பினார்.

நாள் 28 வந்தது. போனது. 35 வந்தது. 'கருமுட்டை: வெளியாகவில்லை' என்ற வரி மட்டும் மாறவே இல்லை.

முதலில் படிக்கக் கூசியவர், இப்போது ஐந்தே முக்காலுக்கே போனைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தார். ஒரு கோழி முட்டை வைக்காமல் போனால் அவருக்குச் சோறு இறங்காது. இப்போது மகள். அதுவும் ஒரே மகள். அவர் கவனித்துப் பார்த்ததில் இன்னும் சிலது கண்ணில் பட்டது. பிள்ளை உடம்பு போட்டிருந்தாள். கன்னத்தில் பருக்கள் சிவந்து கிடந்தன. முகவாயை எப்போதும் துப்பட்டாவால் மறைத்துக்கொண்டே பேசினாள். கண்ணாடி முன்னால் நின்று தாடைக்குக் கீழே கைவிரலால் தடவித் தடவிப் பார்த்தாள். அவர் தலை தெரிந்ததும் நகர்ந்துவிட்டாள். 

"வாணி, புள்ளைக்கு ஒடம்பு கிடம்பு எப்படியிருக்குது?" என்று மனைவியிடம் மெதுவாகத் தூண்டில் போட்டார்.

"அவளுக்கென்ன, தின்னுட்டு தின்னுட்டு போனப் பாத்துட்டு இருக்கறா. ஏனுங்க?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

சும்மா கேட்டவர் சும்மா இருக்கவில்லை. தனக்குத் தெரிந்த வித்தையில் இறங்கினார்.

லேயர் கோழி முட்டை வைக்க நாளைக்குப் பதினாறு மணி நேரம் வெளிச்சம் வேண்டும். மகள் அறையில் விளக்குக்கு ஒரு டைமரை மாட்டினார். விடிகாலை நாலரைக்கு அறை பளீரென்று எரிந்தது. மறுநாள் ஆறு மணிச் செய்தி வந்தது: 'உறக்கம்: மிகக் குறைவு. மனநிலை: கடும் எரிச்சல். இந்த நாள் இனிய நாளாக அமைய வாழ்த்துகள்.'

சரி, சுண்ணாம்புச் சத்து குறைச்சலாக இருக்கும் என்று காலையில் கேழ்வரகுக் களி, மதியம் கேழ்வரகு அடை, இரவு கேழ்வரகுப் புட்டு என்று வாணியைச் செய்ய வைத்தார். செய்தி: 'செரிமானம்: மந்தம்.'

சூடு தாங்காமல் இருக்கலாம் என்று ஷெட்டில் தண்ணீர்ப் புகை அடிக்கும் விசிறியில் உபரியாக இருந்த ஒன்றைக் கொண்டுவந்து மகள் ஜன்னலுக்கு நேராக நிறுத்தினார். அவளுடைய வேதியியல் ரெக்கார்டு நோட்டு நனைந்து ஊறிய அப்பளமாகிவிட்டது. செய்தியில் மனநிலைக்கு நேரே முதல் தடவையாகச் சொல் இல்லாமல் வெறும் ஆச்சரியக்குறி மட்டும் இருந்தது. அரசாங்கக் கருவிக்கும் ஒரு எல்லை உண்டல்லவா?

அன்றைக்குச் சாயங்காலம் சம்யுக்தா நேராக வந்து நின்றாள்.

"அப்பா, என்ற ரூமு லைட்டு நாலரைக்குத் தானா எரியுது. மூணு வேளையும் ராகி. இப்ப ஜன்னல்ல மழை பெய்யுது. நான் என்ன லேயரா?"

அர்த்தநாரிக்கு வேர்த்துவிட்டது. "அதில்ல சாமி, படிக்கற புள்ளைக்கு வெளிச்சம் வேணுமல்லோ..."

"நாலரைக்கு எதுக்கு?"

"காத்தால படிச்சா மண்டையில நிக்கும்."

அவள் அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாய் எடுத்தாள். சொல்லாமல் போய்விட்டாள். அவர் அன்றைக்கே டைமரைக் கழற்றிவிட்டார். ஆனால் கவலையைக் கழற்ற முடியவில்லை. 60 ஆயிற்று, 75 ஆயிற்று, 88 ஆயிற்று.

91ஆம் நாள் காலை ஆறு மணிக்கு வந்த செய்தி சிவப்பு எழுத்தில் இருந்தது. 'மூன்று மாதம் கடந்துவிட்டது. உடனே மகளிர் மருத்துவரை அணுகவும்.' அதற்குக் கீழே இனிய நாள் வாழ்த்து இல்லை. அந்த வாழ்த்தைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்த மனுஷன், அது இல்லாததைப் பார்த்ததும் குழாயை மூடாமலே புறப்பட்டார்.

வீட்டுக்கு வந்தார். வாணி தோசைக்கல்லின் முன்னால் நின்றாள். சம்யுக்தா மேஜையில் உட்கார்ந்திருந்தாள். பள்ளி நாளில் அவள் சீருடை போடாமல் சுடிதார் போட்டிருந்ததை அவர் அப்போது யோசிக்கவில்லை.

"கண்ணு, கெளம்பு. டாக்டர்கிட்டப் போயிட்டு வரலாம்."

"எந்த டாக்டரு? எதுக்கு?" என்று திரும்பினாள் வாணி.

அர்த்தநாரி காலண்டரைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். பதினெட்டு வருஷத்து வழக்கம். வாணிக்குப் புரிந்துவிட்டது. கையில் இருந்த தோசைத் திருப்பி அப்படியே நின்றது.

"உங்களுக்கு யாரு சொன்னது?"

அவர் போனை நீட்டினார். வாணி கீழிருந்து மேலாகத் தள்ளித் தள்ளிப் படித்தாள். தோசை கருகியது. யாரும் அதைத் திருப்பவில்லை.

"இத்தன நாளா இதப் பாத்துட்டா இருந்தீங்க?" என்றவள் குரலை இறக்கினாள். "அதெல்லாம் வேண்டாமுங்க. எனக்கும் அந்த வயசுல இப்படித்தான் கெடந்துச்சு. கல்யாணமானா செரியாப் போயிரும். டாக்டர்கிட்டப் போனா அவிய அதை எழுதுவாங்க, அது கடுகுக் கணக்குல ஏறிரும். கோயமுத்தூர்ப் பக்கமெல்லாம் நமக்கு முன்னாடியே கடுகு வந்துருச்சு, ரெண்டு வருசமா ஜாதகம் கேக்கறப்பவே கடுகுச் சீட்டும் சேத்துக் கேக்கறாங்களாமா. உங்க அக்காவே போன வாரம் போன் பண்ணி, 'நம்ம சம்யுவுக்குக் கணக்கெல்லாம் செரியா வருதா'ன்னு நைசாக் கேட்டாங்க. ஒரு தடவ ஏறிருச்சுன்னா அழிக்க முடியுமா? நாளைக்கு ஒருத்தன் வந்து நிப்பானா?"

பேசப் பேச அவளுக்கே குரல் உடைந்தது. மகள்மேல் ஆசை இல்லாமல் சொன்ன பேச்சு இல்லை அது, பயம்.

அர்த்தநாரி வாழ்க்கையில் மனைவியிடம் சத்தம் போட்டவர் இல்லை. அன்றைக்கும் போடவில்லை. ஆனால் நிறுத்தாமல் பேசினார்.

"வாணி, பண்ணையில ஒரு கோழி முட்டை வெக்காமப் போனா நான் அதையத் திட்டறனா? ஊரு என்ன பேசும்னு மூடி வெக்கறனா? ராத்திரியே வைத்தியர இழுத்துட்டு வாரேன். இருவத்திரண்டாயிரத்துல ஒண்ணுக்கு. இங்க எனக்கு இருக்கறதே ஒண்ணு. அதுக்கு நான் எம்பது நாளா போனப் பாத்துட்டு நிக்கறேன். எனக்கே வெக்கமா இருக்குது."

வாணி அடுப்பை அணைத்தாள். உள்ளே போய், சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் போயி என்னத்தப் பேசுவீங்க? காலண்டரப் பாத்துச் செருமுவீங்க. நானும் வாரேன்."

டாக்டர் ஜெயரூபி சிரித்துக்கொண்டே பேசுகிறவர்; ஆனால் கேள்வி கேட்டால் விடமாட்டார். முதலில் சம்யுக்தாவை மட்டும் உட்கார வைத்து அரை மணி நேரம் பேசினார். இரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள். மத்தியானத்துக்கு மேல் மூன்று பேரையும் கூப்பிட்டார்.

"அப்பா வெளிய இருக்கணுமா?" என்று சம்யுக்தாவைத்தான் கேட்டார்.

"இருக்கட்டும் டாக்டர். அவருக்கு எல்லாம் தெரியும்" என்றாள் அவள். அர்த்தநாரி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"பயப்பட ஒண்ணும் இல்லீங்க. சினைப்பையில சின்னச் சின்ன நீர்க்கட்டி மாதிரி இருக்கு. கட்டின்னதும் பயந்துராதீங்க, அது வளராம நின்னுபோன முட்டைகதான். ஆண்களுக்கு அதிகமாச் சுரக்கற ஒரு சுரப்பு இவளுக்குக் கொஞ்சம் கூடுதலா இருக்கு. அதனாலதான் மாசாமாசம் வரல, பரு, தாடையில முடி, வெயிட்டு எல்லாம். இந்த ஊர்லயே பத்துப் பொண்ணுகள்ல ஒண்ணு ரெண்டு பேருக்கு இருக்கும். அவ செஞ்ச தப்பும் இல்ல, நீங்க வளத்த தப்பும் இல்ல."

"கல்யாணமானா..." என்று ஆரம்பித்தாள் வாணி.

"கல்யாணம் வைத்தியம் இல்லம்மா. மாத்திரை தரேன், பத்து நாளைக்கு. முடிஞ்சு சில நாள்ல வந்துரும். அப்புறம் ஓடியாடணும், நேரத்துக்குச் சாப்புடணும், நல்லாத் தூங்கணும். தூக்கம் முக்கியம்." டாக்டர் திரையில் கடுகு அனுப்பிய ஒரு கோட்டைக் காட்டினார். "இங்க நடுவுல ஒரு வாரம் தூக்கமே இல்ல. நாலரைக்கெல்லாம் முழிச்சிருக்கா. பரீட்சையா?"

 சம்யுக்தா சிரிப்பை அடக்கக் கர்ச்சீப்பைத் தேடினாள்.

"லைட்டு போட்டனுங்க" என்றார் அர்த்தநாரி. "பதினாறு மணி நேரம். எங்களுக்குக் கோழிப்பண்ணைங்க."

டாக்டர் ஜெயரூபி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அப்புறம் சிரிக்காமல் சொன்னார்: "கோழியக் கவனிச்சுப் பாக்கற மாதிரி பாத்தீங்க, அது நல்லதுதான். நெறைய அப்பாமாரு அதுகூடப் பாக்கறதில்ல. ஆனா ஒண்ணுங்க. கோழி முட்டை வெக்கறதுக்காக நீங்க அதுக்கு வைத்தியம் பாக்கறீங்க. நான் இவ நல்லா இருக்கறதுக்காக வைத்தியம் பாக்கறேன். நாளைக்கு இவ புள்ள பெத்துக்கலாம், வேண்டாம்னும் சொல்லலாம். அது இவ இஷ்டம். இன்னிக்கு இவ தல நிமிந்து கண்ணாடியப் பாக்கோணும். அவ்வளவுதான்."

 காலையில் தான் பேசிய பேச்சைப் பெரிய பேச்சு என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தவர் அர்த்தநாரி. அதில் கால்வாசி காற்று அப்போது இறங்கியது.

வாணியும் மகளும் மருந்து வாங்க நின்றபோது, வாசலில் கார்வேந்தன் எதிரே வந்தார். பக்கத்தில் லக்‌ஷனா, விரலில் கட்டுடன். பந்து தடுக்கப்போய்ப் பிசகிவிட்டதாம்; பக்கத்து எலும்பு டாக்டரிடம் காட்ட வந்திருந்தார்கள். மகளை உள்ளே அனுப்பிவிட்டுக் கார்வேந்தன் நின்றார். அர்த்தநாரிக்கு அன்றைக்கு வாய் திறந்துகொண்டிருந்தது.

"மாமா, இனிமே நாம இதப் பத்திப் பேசோணுமுங்க. டெய்லி ஆறு மணிக்கு அந்தச் செய்தி வந்தா மனசு ஒரு மாதிரி அடிச்சுக்குது. உங்களுக்கும் அப்படித்தான இருக்கும்?"

"எந்தச் செய்தி?"

"அதான் மாமா. கடுகு."

"அது எப்பவோ நின்னுபோச்சே மாப்ள!" என்றார் கார்வேந்தன். "மொத வாரமே. நான் வாலிபாலுக்கு உடலீன்னு என்ற புள்ள பள்ளிக்கூடத்துல அழுது ஆர்ப்பாட்டம் பண்ணி, பெரிய ஆபீசு வரைக்கும் மனு போட்டுருச்சு. எட்டாம் நாளு எல்லாப் புள்ளைக போனுக்கும் ஒரு பட்டன் அனுப்புனாங்களாமா. அத அமுக்குனா செய்தி அதுகளுக்கே போயிருமாம். நூத்தி நாப்பதும் அமுக்கிருச்சுக." கொஞ்சம் நிறுத்தி, தரையைப் பார்த்துச் சொன்னார்: "என்ற புள்ள இன்னிக்கு வரைக்கும் எங்கூட ஒழுங்காப் பேசறதில்ல. ஏன், உனக்கு இன்னும் வருதா?"

அர்த்தநாரிக்கு டீக்கடையில் போனை வெறித்துக்கொண்டு நின்ற முகங்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. பாவிகள் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். நூற்று நாற்பது இல்லை, நூற்று முப்பத்தொன்பது.

திரும்பி வருகிற வழியில் வாணி பின் சீட்டில் கண்ணயர்ந்துவிட்டாள். கார் தானாக ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் அர்த்தநாரி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே இருந்தார். பேச்சைத் தொடங்க அவருக்கு மூன்று சுங்கச்சாவடி நீளம் தேவைப்பட்டது. வழியில் இருந்ததோ ஒன்று.

"சம்யு, அந்தப் பட்டனு... உனக்கு வரலியா சாமி?"

"வந்துச்சுப்பா."

"அமுக்கத் தெரியலியா?"

அவள் அவரைப் பார்த்த பார்வையில் அந்தக் கேள்வி செத்துப்போயிற்று.

"அம்மாகிட்ட ரெண்டு தடவ சொன்னேன். கல்யாணமானா செரியாயிரும்னாங்க. எனக்குப் பதினாறு வயசுப்பா. உங்ககிட்ட எப்படிச் சொல்றது? நீங்க நாப்கின் விளம்பரம் வந்தாலே தண்ணி குடிக்கப் போயிருவீங்க." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "மொத நாளு செய்தி உங்களுக்குப் போகுதுன்னு தெரிஞ்சதும் செத்துரலாம் போல இருந்துச்சு. லக்‌ஷனாவ அவங்கப்பா ரூம்ல உக்கார வெச்சாரு. நீங்க என்ன பண்ணப் போறீங்களோன்னு பயந்துட்டே இருந்தேன். நீங்க ஒண்ணுமே பண்ணல. எட்டாம் நாளு பட்டன் வந்தப்ப, செரி, அப்பா படிச்சுட்டுத்தான் இருக்காரு, இன்னும் ஒரு நாள் பாக்கலாம்னு உட்டேன்."

"ஒரு நாளா? எண்பத்தோரு நாளு படிச்சிருக்கறேன் கண்ணு!"

"டெய்லி ஒரு நாள்தான் உட்டேன்." அவள் சிரித்தாள், துப்பட்டா கழுத்திலேயே கிடந்தது. "லைட்டு எரிஞ்ச அன்னிக்கு அமுக்கிரலாம்னுதான் எந்திரிச்சேன். அப்புறம், மனுசன் என்னமோ முயற்சி பண்றாருன்னு பாவமா இருந்துச்சு."

"அப்ப இன்னிக்குக் காத்தால சுடிதாரு..."

"தொண்ணூறு தாண்டுனா சிவப்புல வரும்னு மொத நாளே நர்சு சொன்னாங்க. இன்னிக்கும் நீங்க ஒண்ணும் பேசலீன்னா நானே பஸ் ஏறிப் போயிருப்பேன்."

அர்த்தநாரிக்குக் கண் கலங்கியது. கார் தானாக ஓடுவது எவ்வளவு நல்லது என்று அவர் அன்றைக்குத்தான் முதன்முதலில் உணர்ந்தார். மகள் தன் போனை எடுத்தாள். எதையோ தேடினாள். ஒரு பட்டனை அமுக்கினாள்.

"இனிமே எனக்கே வரும். உங்களுக்கு வராது. செரியா?"

"செரி சாமி" என்றார். பெரிய நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு, பழக்கதோஷத்தில், மூன்றாம் ஷெட்டில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். ஆறு மணி ஆயிற்று. போன் கூவவில்லை. ஆறே கால். ஒன்றும் இல்லை. போனைப் பைக்குள் போட்டுவிட்டுத் தண்ணீர்க் குழாயைத் தொட்டுப் பார்த்தார். ஏற்கெனவே தொட்டுப் பார்த்த குழாய்தான்.

ஷெட்டின் வாசலில் நிழல் விழுந்தது. கோழி நாற்றம் ஆகாது என்று ஆறாம் வகுப்புக்கு அப்புறம் அந்தப் பக்கமே வராத சம்யுக்தா, வாயில் டூத் பிரஷ்ஷோடு, மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கோழிகளின் இரைச்சலில் கேட்க வேண்டுமே என்று பிரஷ்ஷை எடுத்துவிட்டுக் கத்தினாள்.

"அப்பா! நாள் தொண்ணூத்தி ரெண்டு! பீரியட்ஸ் இன்னும் வரல! மாத்திரை போட்டாச்சு! நல்லாத் தூங்கினேன்! போதுமா?"

பக்கத்து ஷெட்டில் முட்டை அடுக்கிக்கொண்டிருந்த நான்கு ஆட்களும் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்கள். அர்த்தநாரி வழக்கம்போலச் சுற்றுமுற்றும் பார்த்தார். தொண்டை தானாகச் செருமத் தயாரானது. அதை அப்படியே விழுங்கிவிட்டு, இருபத்திரண்டாயிரம் கோழிகளுக்கும் கேட்கும்படி அவரும் கத்தினார்.

"போதும் சாமி! வந்ததும் சொல்லு!"